மும்பையில் முதல் மூன்று மாதம்: முகமும் குரலும் உள்ளே இருப்பதும்

செம்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிர் ஃப்ளாட்டை 2006லிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேயிங் கெஸ்டாக விட்டு வருகிறோம். முதல் சில வருடங்கள் பையன்கள் இருந்தார்கள். இப்போது பெண்கள் மட்டும். குர்லா டெர்மினஸில் இறங்கி, ஒரு பெட்டியும் அம்மா கட்டிக் கொடுத்த பொடி டப்பாக்களுமாகக் கதவருகே வந்து நிற்கும் பிள்ளை, பெயரைச் சொல்லும் முன்பே எனக்குப் பாதி புரிந்துவிடும். எனக்கும் முன்னால் கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்குப் புரிந்துவிடும். அவர் பீகார்க்காரர், தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் இன்டர்காமில் கூப்பிட்டு, "ஆன்ட்டி, புதுப் பொண்ணு மேல வருது, ரொம்ப பயந்துருக்கு" என்று இந்தியில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்த கேட்டைத் தாண்டி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை, அக்ரிமெண்ட், ரயில் பாஸ் பற்றிச் சொல்லித்தர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தியும் மராத்தியும் தெரியாமல் வந்து இறங்கும்போது, வாயைத் திறக்கும் முன்பே நம் முகம் போய்ப் பேச ஆரம்பித்துவிடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஊர் அந்த முகத்துக்குத்தான் பதில் சொல்கிறது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து இடம் விடுவதும் அந்தப் பதில்தான், டீம் லீடர் சாப்பிடப் போகும்போது உங்களைக் கூப்பிடாமல் போவதும் அந்தப் பதில்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இப்படி வந்து சேர்ந்த பதில்களுக்குள்தான் நாம் குடியிருப்போம்.

என் கதையையே சொல்கிறேன். 1998இல் கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்தேன். எட்டு மாதம் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் ஒருவரும் என்னோடு பேசவில்லை. மதராஸி என்று ஒதுக்குகிறார்கள் என்று தினமும் இவரிடம் புலம்பினேன். கணபதி பூஜையன்று பிரசாதம் வாங்க நின்றபோது மூன்றாம் மாடி மராத்திக்கார மாமி ஒருவர்தான் சொன்னார், "நீ பெரிய பணக்கார வீட்டுப் பெண், கர்வக்காரி என்று நினைத்தோம். சிரிக்கவே மாட்டாயே!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பயந்துபோய் இருந்தேன். பயந்தால் என் உதடு இறுகும், தாடை கொஞ்சம் மேலே போகும். சின்ன வயதில் நாய்க்குப் பயந்து நடக்கும்போது ஏற்பட்ட பழக்கம் என்று நினைக்கிறேன். கோவில்பட்டியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் அந்த முகத்தை யாரும் கர்வம் என்று படிக்கவில்லை. செம்பூரில் அந்த முகம் ஒன்றுதான் என்னைப் பற்றிக் கிடைத்த தகவல்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் எம்.ஏ. படித்தேன். அதனால் நடுநடுவே கொஞ்சம் பாடப்புத்தக வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை: பத்து நிமிட வீடியோ

செல்ஃபி வேண்டாம். செல்ஃபியில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டுவிட்டு, துணி மடிக்கவோ லேப்டாப்பில் வேலை பார்க்கவோ செய்யுங்கள். போன் இருப்பதே மறந்துபோகும் வரை இருங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தப் பெண்ணை ரயிலில் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருவேனா, இந்தப் பையனிடம் வழி கேட்பேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு, அறையில் இருக்கும் ஒருவரிடம், "நான் சும்மா இருக்கும்போது எப்படித் தெரியுறேன்?" என்று கேளுங்கள். முதலில் "நல்லாத்தான் இருக்கே" என்பார்கள். விடாமல் கேட்டால் உண்மை வரும். கூச்சம் அலட்சியமாகத் தெரிகிறது என்று ஒருத்திக்குப் பதில் வந்தது. வீட்டு நினைப்பு இன்னொருத்திக்குத் தூக்கக் கலக்கம் போலத் தெரிந்திருக்கிறது. சிவகாசிப் பையன் ஒருவனுக்கு ஆபீஸில் 'கோபக்காரன்' என்று பெயர். எப்போதும் நெற்றி சுருங்கியே இருக்கும். என்ன வருத்தமோ என்று நானும் இரண்டு மாதம் பக்குவமாக விசாரித்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடி போட வேண்டிய கேஸ். கண்ணாடி வந்த வாரமே கோபம் போய்விட்டது. ஆகவே உணர்ச்சியைத் தோண்டும் முன் கண்ணையும் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

பெயர் வைப்பது

இந்தப் படியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "டென்ஷனா இருக்கு" என்பார்கள். மும்பையில் 'டென்ஷன்' என்ற ஒரு சொல்லுக்குள் பயம், பசி, அவமானம், ஏக்கம், மேனேஜர் எல்லாம் அடைந்து கிடக்கும். அது எதுவென்று தெரியாமல் அதை எப்படிச் சமாளிப்பது?

நம்மிடம் இதற்கு நல்ல பட்டியல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே உண்டு. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுவது உடம்பில் தெரியவருவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். எனக்கு இதில் பிடித்தது, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் சொல்லியிருப்பதுதான்.

மருட்கைக்கு, அதாவது மலைப்புக்கு, காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நான்கையும் மும்பை ஒரே நாளில் காட்டிவிடும். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் கூட்டம் புதுமை. கடலுக்கு மேலே வளைந்து போகும் பாந்த்ரா–வொர்லி பாலம் பெருமை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் குடும்பம் நடத்துவது சிறுமை. ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக மாறி நிற்பது. பத்து வருடத்துக்கு முன் வந்த உங்கள் ஊர்ப் பையன் இங்கே மராத்தியில் சண்டை போடுவதைப் பார்க்கும்போது தெரியும். முதல் மாதம் உங்கள் முகத்தில் தெரியும் திருதிரு முழிப்பு பயமாக இல்லாமல் வெறும் மருட்கையாக இருக்கலாம். மருட்கை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, தானாக வடியும்.

அழுகைக்குச் சொன்ன நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் 'அசைவு' என்பதற்கு, முன்பிருந்த நிலை குலைந்து வேறு விதமாகி வருந்துவது என்று உரையில் பொருள் சொல்வார்கள். ஊரில் "வாத்தியார் வீட்டுப் பொண்ணு" என்று இருந்தவள், இங்கே 'பி விங், நான்காவது மாடி, பேயிங் கெஸ்ட்' ஆகிவிடுகிறாள். யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை, ஆனால் ராத்திரி அழுகை வருகிறது. "எதுக்குன்னே தெரியல அக்கா" என்று சொன்ன பிள்ளைகளிடம் நான் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். பெயர் கிடைத்ததுமே பாதிப் பேருக்கு மூச்சு இறங்கும். இதை நவீன ஆராய்ச்சியும் கொஞ்சம் தொட்டிருக்கிறது. 2007இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கலக்கம் தரும் முகங்களைக் காட்டி, அதில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு குறைந்தது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ராத்திரி படுக்கும் முன், அன்றைக்கு எந்த நேரத்தில் முகம் மாறியது, அது எட்டில் எது, எதிலிருந்து வந்தது என்று போன் நோட்ஸில் ஒரே ஒரு வரி. இரண்டாவது வரி எழுதாதீர்கள், மூன்று நாளில் விட்டுவிடுவீர்கள்.

கோபத்தைக் கோபம் என்று நம்பாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களின் வாழ்க்கையை அதிகம் கெடுப்பது கோபம். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு உள்ளே இளிவரலாக இருந்து வெளியே வெகுளியாக வருவது. இளிவரல் என்றால் தன்னைத் தாழ்வாக உணர்வது. அதன் காரணங்களில் ஒன்றாக 'மென்மை'யைச் சொல்லியிருக்கிறார்கள். நம் கையில் வலு இல்லாமல் நிற்கும் நிலை. மொழி தெரியாமல் ஒரு கவுண்டர் முன்னால் நிற்பதைவிட மென்மை வேறு என்ன இருக்கிறது?

2011இல் எங்களிடம் இருந்த திண்டுக்கல் பையன் பரேலில் வேலைக்குச் சேரக் கிளம்பினான். நல்ல சட்டை, கையில் சர்டிபிகேட் ஃபைல். ரயில் கூட்டத்தில் சட்டை கசங்கிவிடும் என்று ஆட்டோ பிடித்திருக்கிறான். சயானில் ஆட்டோக்காரர் நிறுத்தி, "ஆகே நஹி ஜாயேகா", அதாவது இதற்கு மேல் போகாது என்றார். இங்கே பழையவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆட்டோ இந்தப் பக்கம் சயான் வரை, அந்தப் பக்கம் பாந்த்ரா வரைதான். அதற்குத் தெற்கே டாக்ஸி மட்டும். இவனுக்கு அது தெரியாது. பாதி வழியில் இறக்கிவிட்டு ஏமாற்றுகிறான் என்று நினைத்துத் தமிழில் கத்தியிருக்கிறான். சுற்றிலும் ஆள் கூடி வேடிக்கை பார்க்க, யாரோ சிரிக்க, பணத்தை சீட்டில் விட்டெறிந்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான். ஃபைல் ஆட்டோவிலேயே போய்விட்டது. கிடைக்கவே இல்லை. டூப்ளிகேட் மார்க்‌ஷீட்டுக்கு நான்கு மாதம் அலைந்தான். அந்த வேலை போயிற்று.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "எப்ப அக்கா கோபம் வந்துச்சுன்னு யோசிச்சேன். அவன் நிறுத்தினப்ப வரல. அவன் சொன்னது புரியாம மூணு தடவை 'க்யா, க்யா'ன்னு கேட்டேன்ல, அப்பதான்" என்றான். ஆட்டோக்காரர்மேல் வந்த கோபம் என்று ஊரே நினைத்தது. தனக்குப் புரியவில்லையே என்ற கூச்சம்தான் அவனுக்குள் இருந்தது. அது தெரிந்திருந்தால் போனை எடுத்து இங்கே தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஆட்டோக்காரரிடம் கொடுத்திருப்பான். ஒரு நிமிட வேலை.

ஆகவே கோபம் வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: 'இதற்கு ஒரு நிமிடம் முன்னால் எனக்கு என்ன ஆனது?' புரியாமல் போனதா, யாராவது சிரித்தார்களா, காத்திருக்க வைத்தார்களா, பசியா? பதில் எதுவோ அதைச் சரிசெய்யுங்கள். புரியவில்லை என்றால், "தோடா தீரே போலியே" என்று கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். இந்த மூன்று சொல் தவிர வேறு இந்தி தெரியாவிட்டாலும் முதல் மாதம் ஓட்டிவிடலாம். சொல்லும்போது முகம் கேட்கிற முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு முந்திக்கொள்ளும் இடம்

ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கும். சிலருக்குத் தோள் ஏறும், சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலருக்கு வயிறு. எனக்குத் தாடை. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915 வாக்கில் விளக்கிய விஷயம்தான் காரணம். ஆபத்து என்று தோன்றினால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுத்து, ரத்தம் தசைகளுக்குப் போகிறது. ஜீரணம் பின்னால் தள்ளப்படுகிறது. புதிதாக வந்த பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் "பசியில்ல அக்கா" என்பதற்கு என் சமையலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

அந்த இடம் இறுகுவது உங்களுக்குத் தெரிந்துவிட்டால், முகம் மாறும் முன்பே பிடித்துவிடலாம். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இப்படிச் செய்தால் ஆறு தடவையாகக் குறைகிறது. வெளியே விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். குர்லாவில் ஏறி திலக் நகர் வருவதற்குள் முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்பதே யாருக்கும் தெரியாது.

லோக்கல் ரயிலில் மற்றவர் முகம்

நம் முகத்தை மற்றவர்கள் தப்பாகப் படிப்பது போல நாமும் படிப்போம். காலையில் ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். உட்கார்ந்த உடனே ஒருத்தி தோளைத் தட்டி, முகத்தில் ஈரமே இல்லாமல், "கிதர் உதர்னேகா?" என்பாள். வந்த புதிதில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, தன்னை எழுந்திருக்கச் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்தே விட்டாள். அந்தப் பெண் கேட்டது, "எந்த ஸ்டேஷனில் இறங்குவாய்?" என்றுதான். நீங்கள் இறங்கும்போது அந்த சீட் அவளுக்கு. அதற்கான முன்பதிவு. வடாலா என்று சொன்னால் தலையாட்டிவிட்டு நின்றுகொள்வாள். வேறு ஒருத்தி வந்து கேட்டால், "அவளுக்குச் சொல்லியாகிவிட்டது" என்று நீங்கள் கைகாட்ட வேண்டும். ஆண்கள் பெட்டியில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் ஓரத்தில் ஒண்டிக்கொள்வார். 'சௌத்தி சீட்' என்று அதற்குப் பெயரே உண்டு. தள்ளி உட்காரச் சொல்லித் தொடையைத் தட்டுவார்கள். அதிலும் பகை கிடையாது.

எட்டரை மணி மும்பை முகம் பார்க்கக் கடுகடுவென்றுதான் இருக்கும். நாலரைக்கு எழுந்து டப்பா கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு ரயில் மாறி வந்த முகம் அது. உங்களைப் பற்றி அதில் எதுவும் எழுதியிருக்காது. அதேபோல 'தும்' (நீ), 'க்யா ரே' (என்னடா) என்பதைக் கேட்டு முகம் சுண்டாதீர்கள். மும்பை இந்தியில் அது மரியாதைக் குறைவில்லை. பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

இனி நம் பக்கத்துச் சிக்கல்களுக்கு வருவோம். ஊரில் பெரியவர் திட்டினால் தலையைக் குனிந்து ஓர் அசட்டுச் சிரிப்பு சிரிப்போம். 'தப்புதான், விட்டுடுங்க' என்று அதற்கு அர்த்தம். இங்கே மேனேஜர் அதை, 'நான் கத்துகிறேன், இவன் சிரிக்கிறான்' என்று படிப்பார். இதனாலேயே அப்ரைசலில் அடி வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். பேசுகிறவர் கண்ணைப் பார்க்காமல் நிற்பது நமக்குப் பணிவு, இன்டர்வியூவில் அது தன்னம்பிக்கை இல்லாதது. நாம் தலையை இடவலமாக ஆட்டுவது ஆமாவா இல்லையா என்று வடக்கத்திக்காரர்களுக்குக் கடைசிவரை புரியாது, வாயைத் திறந்து "ஹாங்" என்று சொல்லிவிடுங்கள். ஆச்சரியத்துக்கும் அனுதாபத்துக்கும் 'உச்' கொட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சலித்துக்கொள்கிறீர்கள் என்று நினைப்பார்கள். உங்கள் மனசை மாற்றச் சொல்லவில்லை. அசட்டுச் சிரிப்புக்குப் பதிலாக "சாரி சார், நாளைக்குள் முடிக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பணிவு போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படியென்றால் நடிக்க வேண்டுமா?

வேண்டாம். நடித்தால் பலிக்காது என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தின் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து 1862இல் எழுதினார். நிஜச் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்கிறது. வாயின் ஓரத்தை நம் விருப்பத்துக்கு இழுத்துக்கொள்ளலாம், கண்ணோரத்தை அப்படி இழுப்பது கஷ்டம். வாட்ச்மேன் இதைப் படிக்காமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்.

'பல்லால் பேனாவைக் கடித்துச் சிரிப்பது போல முகத்தை வைத்தால் மனசும் சந்தோஷமாகும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். 1988இல் வந்த ஆய்வு அது. 2016இல் 17 ஆய்வுக்கூடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. 2022இல் 19 நாடுகளில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. அதிலும் பேனாவுக்குத் தெளிவான பலன் கிடைக்கவில்லை. சிரித்த முகத்தைப் பார்த்து வேண்டுமென்றே அதேபோல வைத்துக்கொண்டால் மனசு லேசாக உயர்கிறது என்று தெரிந்தது. லேசாகத்தான். ஒரு மாத வீட்டு ஏக்கத்தை அது தூக்காது.

அடக்கி வைப்பதும் அதே கதைதான். 1993இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இருவர் அருவருப்பான அறுவைச் சிகிச்சைப் படத்தைப் போட்டுக் காட்டி, பாதிப் பேரிடம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றார்கள். முகம் அடங்கியது. அருவருப்பு குறையவில்லை, உடம்பின் உள் பரபரப்பு சில அளவுகளில் கூடியது. ஐரோலியிலும் மலாடிலும் கால் சென்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஒன்பது மணி நேரம் குரலில் சிரிப்பைத் தடவிப் பேசிவிட்டு வந்து, கீஸரை அணைக்கவில்லை என்று அறைத்தோழியிடம் காட்டுக்கத்தல் கத்துவார்கள். 1983இல் ஆர்லி ஹாக்ஸ்சில்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை வைத்து இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் கொடுத்தார். சிரிப்பதும் ஒரு வேலை, அதற்கும் களைப்பு உண்டு. அந்த ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் வீடு வந்ததும் முதல் அரை மணி நேரம் யாரோடும் பேச வேண்டாம் என்று எங்கள் ஃப்ளாட்டில் ஒரு சட்டமே போட்டிருக்கிறேன். கீஸர் சண்டைகள் குறைந்தன.

இறக்கி வைக்க ஓர் இடம்

உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும். எங்கே, யாரிடம் வர வேண்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். ஒருவருக்கு மாட்டுங்காவில் வாழையிலைச் சாப்பாடு, பிறகு பூக்கடைச் சந்தில் ஒரு நடை. இன்னொருவருக்கு சேடா நகர் முருகன் கோயில் படிக்கட்டு. தாராவியில் சொந்தக்காரர்கள் இருந்தால் பொங்கலன்று 90 அடி சாலைக்குப் போய்விடுங்கள். தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும்போது உங்கள் முகம் தானாக ஊர் முகம் ஆகிவிடும்.

அழ வேண்டும் போலிருந்தால் மரீன் டிரைவ். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தச் சுவரில் எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்கு முதுகுதான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மழைக்காலத்தில் அலை தெறித்து எல்லார் முகமும் நனைந்தே இருக்கும். வீடு சிறியது, தனியாக அழ இடமில்லாத ஊர் இது. அதற்காகக் கட்டி வைத்தது போல அந்தச் சுவர் இருக்கிறது.

இரண்டு வாரம் தாண்டினால்

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்தவற்றில்கூட மனசு ஒட்டாமல், பெரும்பாலான நாட்கள் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதை வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். மூச்சுப் பயிற்சியும் மரீன் டிரைவும் அதற்குப் போதாது. சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, நாள் முழுவதும் கூப்பிடலாம், தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் செம்பூருக்குப் பக்கத்தில் தேவ்னாரில்தான் இருக்கிறது. அவர்களுடைய ஐகால் என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் உண்டு. சாக வேண்டும் என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே 14416, கூடவே பக்கத்து அறைக் கதவு.

வீட்டுக்குப் போன் பேசும்போது

முகத்தை ஓரளவு மறைத்துவிடலாம். குரலில் அம்மாவிடம் முடியாது. "நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா" என்று தினமும் ஒரே மாதிரி சொல்வதால் அவர்கள் நிம்மதி அடைவதாக நினைக்கிறீர்கள். எதிர்முனையில் ராத்திரி தூங்காமல் இருப்பார்கள். அதற்குப் பதிலாக, அன்றைக்கு நடந்த ஒரு சின்ன கஷ்டத்தை, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள். "இன்னைக்கு ரயில்ல தப்பா ஏறிட்டேம்மா, வாஷி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்." அவ்வளவு போதும். கஷ்டமும் தெரிந்தது, பிள்ளை திரும்பி வந்ததும் தெரிந்தது.

போன வருடம் ஜூலையில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குத் தென்காசியிலிருந்து ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. சாப்டேன்னுதான் சொல்லுதா. ஆனா அவ குரல்ல சோறு இல்ல." நான் போய் எதிர்க் கதவைத் தட்டினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக பிஸ்கட்டில் ஓட்டியிருக்கிறாள். ஆபீஸில் ஏதோ நடந்திருக்கிறது. கேட்டதற்கு "ஒண்ணுமில்ல அக்கா, டென்ஷன்" என்றாள். நான் மேலே கேட்கவில்லை. மாவு இருந்தது, தோசை போட்டேன். இரண்டாவது தோசையில் பாதி வரும்போது அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஆபீஸ் கதை முழுவதையும் சொன்னாள். நடுவில் அடுப்பைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அது கருகுது" என்றாள்.